அட்டை வேறு, பாலிசி வேறு

வானொலியில் எதைப் பற்றிப் பேசினால் தொலைபேசி விடாமல் அடிக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் ஓரளவு தெரிந்துவிட்டது. பழைய பாட்டு, பிள்ளைகளின் தேர்வு முடிவு, மாமியார் மருமகள். இந்தப் பட்டியலில் அண்மையில் சேர்ந்திருப்பது மெடிக்கல் கார்டு. ஒரு வார்த்தை எடுத்துவிட்டால் போதும். சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் என்று வரிசையாக அழைப்புகள் வரும். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "கார்டு இருக்குதேன்னு தைரியமா போனோம்மா. கடைசியில கையிலிருந்து கட்ட வேண்டியதா போச்சு."

நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "பாலிசி புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தீங்களா அக்கா?" அந்தப் பக்கம் ஒரு சிறு அமைதி. புத்தகம் பத்திரமாகத்தான் இருக்கும். சாமி மேடைக்குக் கீழே இழுப்பறையில், வீட்டு கிராண்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இவற்றோடு. வந்த உறையோடு இருக்கும். சில வீடுகளில் இப்போது புத்தகமே கிடையாது. மின்னஞ்சலில் வந்த கோப்பு, திறக்கக் கடவுச்சொல் வேண்டும், அது மகனுக்குத்தான் தெரியும், மகன் சிங்கப்பூரில்.

காப்புறுதி எடுக்கலாமா வேண்டாமா, எந்த நிறுவனம் நல்லது என்பதற்குள் நான் போகப்போவதில்லை. நான் முகவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஊடகப் படிப்பு படித்துவிட்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருப்பவள். ஒரு சொல்லைச் சொல்பவர் ஒரு பொருளில் சொல்லி, கேட்பவர் இன்னொரு பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்தப் படிப்பில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். மருத்துவ பாலிசியில் நடப்பது அதுதான். 'முன்பே இருந்த நோய்', 'தேவையான சிகிச்சை', 'புதுப்பிக்க உத்தரவாதம்' எல்லாமே நமக்குத் தெரிந்த சொற்கள் போலவே இருக்கும். ஆனால் பாலிசிக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. அந்தப் பொருள் 'டெஃபினிஷன்ஸ்' என்ற பக்கத்தில் எழுதியிருக்கும். எத்தனை லட்சம் வரை கிடைக்கும் என்ற அட்டவணையை எல்லாரும் பார்க்கிறோம். இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் குறைவு.

நம் தாத்தா பாட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, பாடாங் மேஹா என்று கெடாவின் எந்தத் தோட்டத்தில் பிறந்திருந்தாலும் காய்ச்சல் வந்தால் டிரஸ்ஸரிடம் போனார்கள். பெரிதாக இருந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எல்லா வியாதிக்கும் ஒரே கலக்கு மருந்தைக் கொடுத்த டிரஸ்ஸர் கதை எல்லாத் தோட்டத்திலும் கிடைக்கும், அதன் தரத்தை நான் புகழ வரவில்லை. ஆனால் வைத்தியம் துரையின் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரம் பற்றியது, அதிலும் மருத்துவ வசதி முதலாளியின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய் செம்பனை வந்தது. லயத்திலிருந்து தாமானுக்கு வந்தோம். பிள்ளைகள் பக்கார் அராங் தொழிற்சாலைகளுக்கும் கூலிம் ஹைடெக் பார்க்குக்கும் வேலைக்குப் போனார்கள். கழுத்தில் வேலை அட்டையோடு பையில் கம்பெனி மெடிக்கல் கார்டும் வந்தது. அந்தக் கார்டு வேலையோடு கட்டப்பட்டது. வேலையை விட்டாலோ, ஆட்குறைப்பில் அனுப்பினாலோ, ஓய்வு பெற்றாலோ அதுவும் போய்விடும். ஐம்பத்தைந்து வயதில், இனிப்புநீரும் பிரஷரும் வந்த பிறகு, புதிதாக ஒரு கார்டு தேடுவது எவ்வளவு சிரமம் என்பதைத் தேடியவர்களைக் கேட்டால் தெரியும். அதனால்தான் சொந்தமாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்கிறோம். எடுப்பதில் தவறே இல்லை. என்ன எடுத்தோம் என்று தெரியாமல் இருப்பதில்தான் வம்பு.

முதலில், கையில் இருப்பது எந்த வகை? சிலருக்கு அது தனி மருத்துவ பாலிசி. நம்மில் பலருக்கு அது ரைடர். அதாவது முதலீட்டோடு இணைந்த ஓர் ஆயுள் பாலிசி எடுத்து, அதன்மேல் ஏற்றிவைத்த துணைப் பாலிசி. மாதம் 200 ரிங்கிட் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அதில் ஒரு பகுதி முதலீட்டு நிதியில் யூனிட்டுகளாகப் போகிறது. மருத்துவப் பாதுகாப்புக்கான கட்டணத்தை நிறுவனம் அந்த யூனிட்டுகளை விற்று மாதா மாதம் எடுத்துக்கொள்கிறது. வயது ஏற ஏற அந்தக் கட்டணம் ஏறும். நீங்கள் கட்டுவது அதே 200 ஆக இருக்கலாம். உள்ளே எடுப்பது கூடிக்கொண்டே போகும். யூனிட்டுகள் கரைந்து முடிந்த நாளில் ஆயுள் பாலிசி விழும். அதோடு அதன் முதுகில் இருந்த மருத்துவ அட்டையும் விழும். "ரெண்டு மாசம் கட்டலைன்னாலும் பரவால்ல, உள்ளே காசு இருக்கு" என்று முகவர் சொல்வது பொய்யில்லை. அந்த இரண்டு மாதமும் உங்கள் யூனிட்டைத் தின்றுதான் பாலிசி உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கறிக்கையில், இப்போதைய நிலையில் இந்த நிதி எந்த வயதுவரை தாங்கும் என்று பாருங்கள்; புரியவில்லை என்றால் நிறுவனத்துக்கு அழைத்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அறுபத்தெட்டு என்று பதில் வந்தால், எண்பது வயதுவரை பாதுகாப்பு என்று அட்டவணையில் போட்டிருப்பது மட்டும் உதவாது.

இனி அந்தச் சொற்களுக்கு வருவோம். என் கணக்கில் அதிகக் குடும்பங்களைக் கவிழ்ப்பது 'முன்பே இருந்த நோய்'. நாம் நினைப்பது, டாக்டர் பேர் சொல்லி, ஃபைல் திறந்து, மருந்து கொடுத்த நோய் என்று. பாலிசியின் வரையறை அதைவிட அகலம். சிகிச்சை பெற்றது மட்டுமல்ல. மருத்துவ ஆலோசனை கேட்டது, தெளிவான அறிகுறி தென்பட்டது, சாதாரண மனிதர் ஒருவருக்கு அந்த நிலையில் தெரிந்திருக்க வேண்டியது, இவை எல்லாமே அதற்குள் வரும். பாலிசி எடுப்பதற்கு மூன்று மாதம் முன்பு நெஞ்சு அடைக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தால், நோய்க்கு அன்று பேர் வைக்கவில்லை என்றாலும், அது டாக்டர் எழுதிய குறிப்பில் இருக்கும்.

இதோடு சேர்ந்ததுதான் விண்ணப்பப் படிவம். அது எப்படி நிரப்பப்படுகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் முகவர் வருகிறார். அவர் யாரோ இல்லை. அண்ணியின் தம்பி, அல்லது பழைய தோட்டத்தில் பக்கத்து லயத்துப் பையன். தே தாரிக் வருகிறது. டேப்லட்டை எடுத்து வரிசையாக 'இல்லை', 'இல்லை' என்று தட்டிக்கொண்டே போகிறார். அம்மா நடுவில், "தம்பி, எனக்கு இனிப்புநீருக்கு கவர்மெண்ட் கிளினிக்ல மாத்திரை எடுக்கிறேனே" என்கிறார். "அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே அத்தை. அதைப் போட்டா லேட்டாகும். ரெண்டு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் கேக்க மாட்டாங்க." விரலால் கையெழுத்து. முடிந்தது.

அந்த 'ரெண்டு வருஷம்' எங்கிருந்து வந்தது? 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆயுள் காப்புறுதி ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டால், தவறான தகவல் கொடுத்தார் என்று சொல்லி அதை ரத்து செய்ய நிறுவனம் மோசடியை நிரூபிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் 'முன்பே இருந்த நோய்க்குப் பணம் இல்லை' என்பது ரத்து செய்வது பற்றிய விஷயமே இல்லை. அது பாலிசியின் விலக்குப் பட்டியலில் தனியாக நிற்கும் நிபந்தனை. பாலிசி உயிரோடு இருக்கும், அந்த நோய்க்கு மட்டும் பணம் வராது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, சமையலறை மேசையில் தே தாரிக்கோடு பரிமாறிவிடுகிறார்கள்.

அதே சட்டம் நம் பக்கம் நிற்கும் இடமும் இருக்கிறது. தனிமனிதராகக் காப்புறுதி எடுக்கும் ஒருவரின் கடமை, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையாகப் பதில் சொல்வது. கேட்க வேண்டியதைக் கேட்பது நிறுவனத்தின் வேலை. தெரிந்தே பொய் சொன்னதையும், கவனக்குறைவாக விட்டதையும், அறியாமல் சொன்னதையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை. அதனால் படிவத்தின் நகல் உங்களிடம் இருப்பது முக்கியம். பாலிசியோடு அது இணைக்கப்பட்டிருக்கும். அதில் உங்கள் பெயரில் என்ன பதில் போயிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தவறாக இருந்தால் நோய் வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிரிமியம் கூடலாம், ஒரு நோயை விலக்கலாம், மறுக்கவும் செய்யலாம். இனிப்புநீருக்கு கிளினிக் கெசிஹாத்தானில் கொடுக்கும் பதிவுப் புத்தகம் அம்மாவின் பையில் இருக்கிறது. எந்தத் தேதியில் தொடங்கியது என்று அதில் இருக்கிறது. பெரிய தொகைக்குக் கோரிக்கை போகும்போது நிறுவனம் மருத்துவ அறிக்கை கேட்கும். அப்போது வெளியே வருவதைவிட இப்போது வருவது மேல்.

அடுத்தது காத்திருக்கும் காலம். பொதுவாக மருத்துவ அட்டையில் முதல் 30 நாள், விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. அது பலருக்குத் தெரியும். தெரியாதது 120 நாள். 'குறிப்பிட்ட நோய்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: உயர் ரத்த அழுத்தம், இனிப்புநீர், இருதய நோய், கட்டி, புற்றுநோய், சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல், குடலிறக்கம், மூலம், காது மூக்கு தொண்டை நோய்கள், முதுகெலும்பு, முழங்கால் கோளாறுகள். நம் வீடுகளில் வருவதெல்லாம் கிட்டத்தட்ட இதற்குள்ளேயே அடங்கிவிடும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் 120 நாளில் இவற்றில் எது வந்தாலும் சொந்தக் காசுதான். இங்கே இன்னொரு கண்ணி. பிரிமியம் கட்டாமல் பாலிசி விழுந்து, பிறகு மீண்டும் உயிர்ப்பித்தால், இந்த நாள் கணக்கு பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். உடல்நலக் கேள்விகளும் மறுபடி வரும். முன்பு ஆரோக்கியமாக எடுத்த பாலிசியை இப்போது நோயோடு புதுப்பிப்பதாகிவிடும். தீபாவளிச் செலவுக்காக ஒரு மாதம் தள்ளிப்போடுவதற்கு முன் சலுகைக் காலம் எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பல பாலிசிகளில் அது 30 நாள்.

அறை வாடகை. இதை ஒரு கணக்காகவே போட்டுவிடுகிறேன். உங்கள் கார்டில் அறைக்கு ஒரு நாளைக்கு 150 ரிங்கிட். மருத்துவமனையில் அந்த விலையில் அறை காலியில்லை, அல்லது அப்பாவுக்குத் தனி அறையே வேண்டும் என்று அண்ணன் சொல்கிறார். 220 ரிங்கிட் அறை எடுக்கிறீர்கள். நான்கு இரவு. கூடுதல் 70 ரிங்கிட், நான்கு நாளைக்கு 280, அதைக் கட்டிவிடலாம் என்றுதான் யாரும் நினைப்போம். பல பாலிசிகளில், குறிப்பாகப் பழையவற்றில், வேறொரு வரி இருக்கும்: தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்தால் மற்றச் செலவுகளிலும் 20 விழுக்காடு நோயாளி ஏற்க வேண்டும். அறுவை, மருந்து, சோதனை எல்லாம் சேர்த்து 9,000 ரிங்கிட் என்றால் அதில் 1,800. மொத்தம் 2,080 ரிங்கிட். அறைக்கு என்று நினைத்தது 280. சேர்க்கை முகப்பில் கையெழுத்துப் போடும்முன், "இந்த அறை எங்க கார்டு தகுதிக்குள்ளதானா?" என்று கேட்டு எழுதி வாங்குவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

'தேவையான சிகிச்சை' என்பதும் அப்படித்தான். நெஞ்சு வலிக்கிறது என்று போகிறோம். இரண்டு நாள் படுக்க வைத்து ஸ்கேன், ரத்தச் சோதனை எல்லாம் எடுக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சோதனைக்காக மட்டுமே படுத்திருந்தால் பணம் இல்லை என்பது பெரும்பாலான பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. வலிக்குச் சிகிச்சை கொடுத்தார்களா, வெளிநோயாளியாகவே செய்திருக்க முடியுமா என்று நிறுவனம் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவர் அறிக்கையில் ஏன் படுக்க வைத்தார் என்று எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பதுதான் நம் வேலை. அதேபோல் உத்தரவாதக் கடிதம். சேர்க்கும்போது வரும் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறோம். அது தொடக்கக் கடிதம். வீடு திரும்பும் நாளில் இறுதிக் கடிதம் வரும். எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை என்பது அதில்தான்.

மாதா மாதம் கிளினிக் போவதற்கும் வழக்கமான மருந்துக்கும் மருத்துவ அட்டை உதவாது. அது படுக்கைக்கும் அறுவைக்குமானது; வெளிநோயாளிச் சிகிச்சையில் புற்றுநோய்க்கும் டயாலிசிசுக்கும் பொதுவாக இடம் உண்டு. பேறுகாலம், பல், அழகுக்கான அறுவை இவற்றுக்கு இல்லை.

தமிழ்நாட்டுக்குக் கோவில் பயணம் போய், அப்படியே சென்னையில் முழங்காலைக் காட்டிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி. வெளிநாட்டில் அவசரமாக வந்த நோய்க்கு ஒரு விதி, திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு வேறு விதி. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் பாதுகாப்பு இல்லை என்ற நிபந்தனையும் பரவலாக உண்டு. டிக்கெட் எடுக்கும்முன் பாருங்கள்.

இப்போது விலை. 2024-இல் பலருக்கு வந்த கடிதம் நினைவிருக்கும். பிரிமியம் 40, 50 விழுக்காடு, சிலருக்கு அதற்கும் மேல் ஏறும் என்று. "எண்பது வயசு வரைக்கும் உத்தரவாதம்னு சொன்னீங்களே" என்று முகவரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. பாலிசியை எடுத்துப் பாருங்கள். உத்தரவாதம் என்பது புதுப்பிப்பதற்கு. விலைக்கு உத்தரவாதம் இல்லை என்று அதே புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கும். உங்களுக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காக உங்களை மட்டும் வெளியேற்ற மாட்டோம். ஆனால் அந்தத் திட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் விலையை ஏற்றுவோம். இதுதான் அந்தச் சொல்லின் பொருள். இதைத் தமிழில் இத்தனை நேராக யாராவது விற்கும்போது சொல்லியிருந்தால் அந்தக் கோபத்தில் பாதி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

விலை ஏறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023-இல் மலேசியாவில் மருத்துவச் செலவு ஏற்றம் 12.6 விழுக்காடு, உலக சராசரி 5.6 என்று பேங்க் நெகாரா சொன்னது. கூச்சல் பெரிதானதும் 2024 டிசம்பர் 20-ஆம் தேதி அது சில இடைக்கால ஏற்பாடுகளை அறிவித்தது. 2026 இறுதிவரையிலான அந்த ஏற்பாட்டின்படி, செலவு ஏற்றத்தால் வரும் பிரிமியம் உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பரப்ப வேண்டும். தங்கள் திட்டத்தின் மிகக் குறைந்த நிலையில் இருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு உயர்வை நிறுத்தி வைக்க வேண்டும். விலை உயர்வால் 2024-இல் பாலிசியைக் கைவிட்டவர்கள், புதிதாக உடல்நலக் கேள்விகள் இல்லாமலே திரும்பச் சேரக் கேட்கலாம் என்றும் சொன்னது. வீட்டில் வயதானவர்களின் பாலிசி அந்த ஆண்டில் விழுந்திருந்தால், நிறுவனத்திடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

குறைந்த விலைக்கு என்று இப்போது முன்வைக்கப்படுவது செலவுப் பங்கீடு. 2024 செப்டம்பர் 1 முதல், நோயாளியும் ஒரு பங்கு கட்டும் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும்: பில்லில் குறைந்தது 5 விழுக்காடு, அல்லது குறைந்தது 500 ரிங்கிட் கழிவு. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, விருப்பம். 12,000 ரிங்கிட் பில்லுக்கு 5 விழுக்காடு என்றால் 600. அவசரச் சிகிச்சை, அரசாங்க மருத்துவமனையில் எடுக்கும் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சை இவற்றுக்கு அந்தப் பங்கு கேட்கக்கூடாது என்பது விதி. அவசரத்துக்கு 600 ரிங்கிட் புரட்ட முடிகிற குடும்பத்துக்கு, மாதாமாதம் அதிகம் கட்டுவதைவிட இது பொருந்தலாம். எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி: என் பங்குக்கு உச்சவரம்பு உண்டா? கழிவு ஒவ்வொரு முறையுமா, ஆண்டுக்கு ஒருமுறையா? உச்சவரம்பு இல்லாத 20 விழுக்காடு என்றால் நான் தொடமாட்டேன். ஒரு பைபாஸ் பில்லை வைத்துக் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

புதிதாக எடுத்தவர்களுக்குப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு ஏதும் இருந்தால் அது போக, கட்டிய பணம் திரும்பும். அந்த 15 நாளில் ஒரு மாலையை ஒதுக்கி, ஆங்கிலமோ மலாயோ நன்றாகத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, வரையறைப் பக்கத்தையும் விலக்குப் பக்கத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்கு அது நல்ல பயிற்சியும்கூட. புரியாத இடத்தில் முகவருக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், எழுத்தில் பதில் கேளுங்கள். தமிழில் வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லை. எழுதிக் கொடுத்ததைக் காட்டிப் பேசலாம்.

கோரிக்கையை மறுத்துவிட்டால்? முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, எந்த நிபந்தனையின்படி மறுத்தீர்கள் என்று கேளுங்கள். இறுதி முடிவும் திருப்தி இல்லை என்றால் 'ஃபைனான்சியல் மார்க்கெட்ஸ் ஒம்புட்ஸ்மன் சர்வீஸ்' இருக்கிறது. முன்பு இருந்த நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனும் முதலீட்டுத் தகராறு மையமும் ஒன்றாகி 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. நமக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. 250,000 ரிங்கிட் வரையிலான தகராறுகளைப் பார்ப்பார்கள். நிறுவனத்தின் இறுதி முடிவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்தின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முகவர் சொந்தக்காரர் என்பதால் புகார் செய்யத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். புகார் நிறுவனத்தின் முடிவின்மேல்தான். அண்ணியின் தம்பியோடு பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை.

கடைசியாக, பலர் கேட்காமலே விடும் பணம் ஒன்று. கார்டு இருந்தும் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலோ அலோர்ஸ்டார் சுல்தானா பஹியாவிலோ சேர்கிறோம். அங்கே மூன்றாம் வகுப்பு வார்டு குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். பில் சிறியது என்பதால் கார்டை யாரும் எடுப்பதில்லை. ஆனால் அரசாங்க வார்டில் படுத்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ரொக்கம் தரும் பலன் பல மருத்துவ அட்டைகளிலேயே உள்ளடங்கி இருக்கிறது. தனியாக மருத்துவமனை வருமான ரைடர் எடுத்தவர்களுக்கு அதுவும் சேரும். அட்டவணையின் கடைசி வரிசைகளில் சின்னதாக இருக்கும், தேடுங்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. பல பாலிசிகளில் 30 நாள். அதனால் வீட்டுக்குக் கிளம்பும் நாளிலேயே சேர்ந்த தேதி, வெளியான தேதி, நோயின் பெயர் மூன்றும் உள்ள டிஸ்சார்ஜ் கடிதத்தையும் பணம் கட்டிய அசல் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அந்த ஒரு தாளுக்காக இன்னொரு நாள் லீவு எடுத்து, பார்க்கிங் தேடி, பதிவுப் பிரிவின் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.